நான் கொன்றவன் ஓட்டிய வண்டி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்கள் தங்கள் கதை மழையில் பிறந்தது, ரயில் பயணத்தில் பிறந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் 1958-ஆம் வருஷம் மாசி மாதம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில், மடியில் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெங்கடாசலம் என் தோளில் தூங்கி விழுந்தான். பையில் மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் இருந்தது. அதைப் பார்த்து என் வயிறு எரிந்தது. இந்தக் கதைக்கு மூலம் அந்த வயிற்றெரிச்சல்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மோட்டார் சைக்கிள் என்பது வெறும் இரும்பு அல்ல, அது மனிதனின்—"

விட்டுவிட்டேன். மனிதனின் என்ன என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது தொடக்கம்:

"வேப்பமர நிழலில் நின்றிருந்த அந்த வண்டிக்குத் தெரியாது, தன்மேல் ஒரு பிணம் ஏற்றப்படப் போகிறதென்று."

இது பரவாயில்லை என்று நினைத்து என் மனைவி செண்பகத்திடம் படித்துக் காட்டினேன். "வண்டிக்கு எதுதான் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள். ஆகவே மூன்றாவதாக உண்மையில் தொடங்கியிருக்கிறேன். உண்மையில் தொடங்கினால் உண்மையில் முடியுமா என்பது வேறு விஷயம்.

2

நான் பச்சைமுத்து. நானும் வெங்கடாசலமும் விழுப்புரத்தில் ஓர் உரக் கம்பெனியின் டிப்போவில் குமாஸ்தாக்கள். கம்பெனியின் பேர் வேண்டாம். காலையில் வந்த மூட்டையை எண்ணுவோம், மாலையில் போன மூட்டையை எண்ணுவோம். வீட்டுக்குப் போனால் குளித்த பிறகும் உர நாற்றம் போகாது.

அந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. விக்கிரவாண்டி, திண்டிவனம், ஒலக்கூர், பனமலை என்று ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களைப் பார்க்க ஒரு டூரிங் ஏஜெண்ட் வேண்டும். இருக்கிற குமாஸ்தாக்களில் சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு அந்த வேலை. பங்குனி முடிவதற்குள் வண்டியோடு வந்து நிற்க வேண்டும்.

இனி ஆண்டவன் செய்த விளையாட்டைப் பாருங்கள். யுத்த காலத்தில் நான் நான்கு வருஷம் ராணுவ டிப்போ ஒன்றில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாக ஸ்டோரில் இருந்தவன். கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஒரு திருகுமரையைத் தொட்டு எந்த இடத்து மரை என்று சொல்வேன். ஆனால் கையில் பணம் கிடையாது. வெங்கடாசலத்துக்கு வண்டியை ஓட்டத் தெரியும், பார்க்கத் தெரியாது. ஆனால் அவனுக்குக் காணி இருந்தது, அந்த வருஷம் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், நன்றாக விளைந்திருந்தது.

அவன் நேராக என்னிடம் வந்தான்.

"எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்யா? நீ பாத்து சொல்லு. எதைக் கை காட்டறியோ அதை வாங்கிக்கினு வந்துடறேன்."

என்னிடம் போட்டிக்கு வரப் பணம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் அந்த வேலைமேல் ஆசை இருக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. நல்லவர்களோடு பழகுவதில் இதுதான் கஷ்டம். நம் மனசில் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

3

பழைய வண்டி வாங்கப் போகிறவன் முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே விற்கிறவன் உதைத்து உதைத்து ஒரு தடவை எழுப்பி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். சில்லென்று இருக்கிற என்ஜின் எத்தனை உதையில் எழுந்துகொள்கிறதோ அதுதான் அந்த வண்டியின் ஜாதகம். அடுத்தபடி, பத்தடி பின்னால் தள்ளிக் குந்தி உட்கார்ந்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அதன் பளபளப்பைப் பார்க்கக் கூடாது. எதை மறைக்க அடித்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். டூர் போகிற வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. நாற்பது மைல் ஓட்டி இறங்கினாலும் கைவிரல் மரத்துப்போகக் கூடாது.

(கட்டுரை மாதிரி இருந்தால் தாண்டிப் போங்கள். உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது இவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் விடுவேனா?)

முதல் வண்டி விழுப்புரத்திலேயே, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. ராணுவத்தில் கழித்து ஏலத்தில் போனது. தொட்டேன்; தோசைக் கல் மாதிரி சுட்டது.

"காலையில ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேங்க," என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

"நாளைக்கி வர்றோம். ரவுண்டு போகாம வெச்சிருங்க," என்றேன். மறுநாள் அதே வண்டி முப்பத்தொரு உதை வாங்கியும் வாயைத் திறக்கவில்லை. வெங்கடாசலம் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு மரியாதை இருந்தது.

இரண்டாவது வண்டி விக்கிரவாண்டியில், ஓர் அரிசி மில் முதலாளியுடையது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றது. தரையில் படுத்துப் பார்த்தேன். என்ஜினுக்கு அடியில் விரிசலை ஒட்டுப் போட்ட தழும்பு இருந்தது. அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இப்போதைக்கு ஓடும், பிறகு எண்ணெயை ஒழுகவிட்டு ஆளை ரோட்டில் உட்கார வைக்கும். முதலாளி காதில் விழாமல் வெங்கடாசலத்திடம், "இது வேணாம்யா, பெயிண்டுதான் நல்லா இருக்குது," என்று மட்டும் சொன்னேன்.

இதுவரை நான் நல்லவனாக இருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் கதையில் அந்த வாய்ப்பு வராது.

4

மூன்றாவது வண்டி திண்டிவனத்தில் தேவசகாயத்திடம் இருந்தது. அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுக்கிற கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை விழுந்துவிட்டதால் வண்டியை விற்கிறார். புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது அவர்களில் ஒருவரிடம் வாங்கிய இங்கிலீஷ் வண்டி. கறுப்பு. இரண்டு பக்கமும் தோல் பை தொங்கியது. மருந்துப் புட்டிகள் வருஷக் கணக்கில் உட்கார்ந்த வட்ட வட்டமான தடங்கள் தோலில் இருந்தன.

என்ஜினைத் தொட்டேன். மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது.

"தொட்டுப் பாக்கறீங்களா, நல்லது தம்பி," என்றார் தேவசகாயம். "நேத்திலேர்ந்து நான் கிட்டப் போகல. நீங்களே உதைங்க."

ஒரே உதை. எழுந்துகொண்டது.

மயிலம் ரோட்டில் நான்தான் முதலில் ஓட்டிப் பார்த்தேன். இந்த இடத்தில் நன்றாக வருணிக்க வேண்டும். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

"காற்று என் முகத்தை—"

"சாலை ஒரு—"

"முப்பத்து நான்கு வயதில் முதல்முறையாக நான்—"

மூன்றும் வரவில்லை. எட்டு மைல் போய் எட்டு மைல் திரும்பினேன், கைவிரல் மரக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, அது காற்றால் அல்ல. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

திரும்பி வந்து ஸ்டாண்டு போட்டேன். அடுத்து வெங்கடாசலம் ஏறி உட்கார்ந்தான். அவன் குள்ளன், தொப்பை போட்டவன், இந்த வண்டியில் கேலிக்கூத்தாக இருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தான், பொருந்தினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வாழ்நாளில் யாரையும் அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது.

"இன்னாய்யா, எப்பிடி?" என்றான் முகமெல்லாம் சிரிப்பாக.

"பாக்கலாம்," என்றேன்.

தேவசகாயத்திடம் இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

5

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் துரைக்கண்ணுவின் டீக்கடை. பெஞ்சில் நாங்கள் இருவரும் இன்னும் மூன்று பேரும். இங்கேதான் நான் என் முதல் கதையைச் சொன்னேன். அதுவரை ஒரு வரிகூட எழுதியவன் அல்ல.

"வெங்கடாசலம், ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டுடலாம்னுதான் பாத்தேன்."

"இன்னா?"

"அது காவு வாங்கின வண்டி."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"போன வருசம் ஒருத்தன் அவராண்ட எரவல் வாங்கிக்கினு போயிருக்கான். ஒலக்கூர் கூட்ரோட்டாண்ட புளியமரத்துல அடிச்சி அங்கியே போய்ட்டான்."

"யார் சொன்னது?"

"டிப்போவுக்கு வர்ற லாரிக்காரன். கண்ணால பாத்தவன்."

"ஐயா ஒண்ணும் சொல்லலியே."

"விக்கிறவன் சொல்லுவானா?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் உயிர் வாங்கின வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் தொட மாட்டார்கள். ஒன்று வாங்கினது மூன்று வாங்காமல் அடங்காது என்பார்கள். படித்தவனும் சொல்லுவான், படிக்காதவனும் சொல்லுவான். சிலுவை போட்டவன்கூட வெளியில் சிரித்துவிட்டு உள்ளுக்குள் யோசிப்பான்.

ஆனால் வெங்கடாசலம் ஒன்று கேட்டான். மிக நல்ல வாசகன் கேட்கிற கேள்வி.

"மரத்துல அடிச்ச வண்டில ஒரு கீறல் கூட இல்லியே?"

என் கதை அந்த இடத்திலேயே செத்திருக்க வேண்டும். அப்போது என் வாய் தானாகச் சொன்னது:

"செகப்பு சட்டை போட்டிருந்தானாம். சின்ன வயசு. பாட்டு பாடிக்கினே போனானாம்."

"ஐயோ பாவம்," என்றான் வெங்கடாசலம்.

பெஞ்சில் இருந்த மூவரும் "த்சொ" கொட்டினார்கள். துரைக்கண்ணு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். கீறலைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. கதை எழுதுவதைப் பற்றி நான் அறிந்த ஒரே பாடம் இது: கீறலைக் கேட்டால் சட்டையின் நிறத்தைச் சொல்.*

* இந்தப் பாடத்தை வைத்துப் பிற்பாடு இருபது கதைகள் எழுதினேன். பதினேழு திரும்பி வந்தன.

6

வெங்கடாசலம் விக்கிரவாண்டி மில்காரர் வண்டியை வாங்கினான். "பெயிண்டு நல்லா இருக்குதுன்னு நீயே சொன்னியே," என்றான். நான் தலையை ஆட்டினேன். அடியில் இருந்த தழும்பைப் பற்றிச் சொல்லவில்லை. இந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னித்திருப்பீர்கள்.

பங்குனி முடிவதற்குள் அந்த வண்டி நாலு தடவை படுத்தது. மானேஜர் பரீட்சைக்குக் கூப்பிட்ட அன்று முண்டியம்பாக்கத்தில் எண்ணெய் ஒழுக நின்றுவிட்டது. அவன் அதைத் தள்ளிக்கொண்டே டிப்போவுக்கு வந்தான்.

நான் அதற்குள் செண்பகத்தின் இரட்டை வடச் சங்கிலியோடு திண்டிவனம் போயிருந்தேன். தேவசகாயத்தின் வண்டியை அந்தப் பதினைந்து நாளில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. துரைக்கண்ணுவின் கடையில் விழுந்த பேச்சு அப்படிப் பரவும். பாதி விலைக்குத் தந்தார்.

"நான் யாருக்கும் எரவல் குடுத்தது இல்ல தம்பி," என்றார். "கர்த்தர் அறிய. யார் கட்டிவுட்ட பேச்சோ தெரியல. அதை நம்பாம வந்தது நீங்க ஒருத்தர்தான்." இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்வை மங்கின கண். என் முகத்தை அவரால் சரியாகப் பார்த்திருக்க முடியாது. அதற்காக அன்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. உயிர் வாங்கின வண்டியைத் துணிந்து வாங்கிவிட்டேனே என்று வெங்கடாசலம் எனக்காகப் பயந்தான், சந்தேகப்படவில்லை.

7

இத்தோடு என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. ஆள்தான் மாறியது.

எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் நாலு பேர் கூடுவார்கள். உரத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். "இது அந்தச் செகப்பு சட்டைக்காரன் வண்டிதானே?" என்பார்கள். பனமலை ஏரிக்கரையில் ஒரு பெரியவர் சீட்டைத் தடவிப் பார்த்து, "இன்னா மாதிரி ஓட்டுவானாம்! காத்து கணக்கா போவானாம்," என்று என்னிடமே சொன்னார். நான் ஓட்டியதை அவர் சற்றுமுன்தான் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சங்கிலியை விற்று வாங்கியவன் நான். எண்ணெய் மாற்றுகிறவன் நான். வண்டி மட்டும் அவனுடையது.

நான் அவனுக்குக் கொடுத்தது ஒரு சட்டையும் ஒரு பாட்டும்தான். இந்த ஜனங்கள் அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மூன்று மாத மனைவி. நல்ல குரல். குறுக்கே வந்த ஒரு கன்றுக்குட்டிக்காகத்தான் வண்டியை மரத்தின் பக்கம் திருப்பினானாம். கன்றுக்குட்டி! எனக்கு ஏன் அது தோன்றவில்லை? திண்டிவனத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எவனோ ஒருவனுக்கு என்னைவிடக் கை இருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. (போலீஸ் பிணத்தை எடுத்துப்போய் எரித்துவிட்டதாக முடித்ததும் யாரோதான். நல்ல முடிவு. மிச்சம் மீதி வைக்காத முடிவு.)

1961-இல் ஒலக்கூர் கூட்டுரோட்டில் அந்தப் புளியமரத்தடியில் லாரிக்காரர்கள் சேர்ந்து ஒரு கல் நட்டார்கள். சுண்ணாம்பு அடித்து, குங்குமம் வைத்தார்கள். அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கிக் கற்பூரம் காட்டிவிட்டுப் போகிறார்கள். என்னுடைய அச்சான கதைகள் மூன்று. அவற்றில் பொட்டலம் கட்டிப் பட்டாணி விற்றதை நானே பார்த்திருக்கிறேன். எழுதாத இந்த ஒன்றுக்குக் கற்பூரம்.

வெங்கடாசலம்? டிப்போவில் குமாஸ்தாவாகவே இருக்கிறான். இன்றைக்கும் மூட்டை எண்ணுகிறான். அமாவாசைக்கு அமாவாசை காலையில் என் வீட்டுக்கு வந்து வண்டியின் ஹாண்டில் பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டுப் போகிறான். "ஒன்ன அது தொடக்கூடாதுய்யா," என்பான். ஒன்பது வருஷமாக ஒரு மாதம் தவறியதில்லை. என் கதைகளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே ஆளும் அவன்தான். படுத்தவுடன் தூங்கிவிடுகிறான் என்று அவன் மனைவி பாஞ்சாலி செண்பகத்திடம் சொன்னாளாம். அதற்கும் எனக்குப் பொறாமை.

8

போன மாதம் சொல்லிவிட்டேன். எலுமிச்சம்பழத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வெங்கடாசலம், அவன் சாவல. அப்பிடி ஒரு ஆளே கெடையாது. நான் கட்டிவுட்டது. வண்டி ஒனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

அவன் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"கல்லு வெச்சதிலேர்ந்து பாக்கறேன்," என்றான். "ஒனக்கு அவன் மேல பொறாமைய்யா. எல்லாம் அவனையே பேசறாங்கன்னு. செத்தவன் மேலயுமா?"

"நெசமாத்தான் சொல்றேன்யா."

"அன்னைக்கி நீ கதை எழுதிக்கினு இருந்தியா?"

"இல்ல."

"அப்ப அன்னைக்கி சொன்னது நெசம். இப்ப நீ கதை எழுதறவன். இப்ப சொல்றது கதை." சிரித்தான். "நல்லாத்தான் இருக்குது. எழுது. ஆனா செத்தவனோட பெத்தவங்க யாராவது படிச்சா மனசு நோவும், பாத்து எழுது."

மில்காரர் வண்டியின் தழும்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் தெருமுனை போய்விட்டான்.

9

இந்தக் கதையை அத்தோடு முடித்திருந்தேன். மன்னிப்புக் கேட்டவனை நம்பாத நண்பன். சிரிப்பும் வருத்தமுமாக நல்ல முடிவுதான். பத்திரிகைக்கு அனுப்பக் கவரும் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடாசலம் ஒரு கிழவியை அழைத்துக்கொண்டு வந்தான்.

பேர் குப்பம்மாள். ஒலக்கூர் பக்கத்தில் ஒரு காலனி. கழனி வேலை. அமாவாசைதோறும் அந்தக் கல்லுக்குப் பூ வைத்துவிட்டு அழுகிறவளாம். வெங்கடாசலம் அங்கே போனபோது பார்த்திருக்கிறான். கல்லில் பேர் வெட்டலாம் என்று லாரிக்காரர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பேரும் அதற்குக் கீழே ஒரு வரியும்.

"நீதான எழுதறவன்," என்றான். "நல்லதா ஒரு வரி எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை கல் வெட்டறவரு வர்றாரு."

கிழவி உட்காரச் சொன்னபிறகும் உட்காரவில்லை. செண்பகம் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"முருகையன் சாமி," என்றாள். "என் புள்ள பேரு. மெட்ராசுக்கு வேலைக்குப் போறேன்னு போனான். ஒரு கடுதாசி கூட இல்ல. மல்லாட்ட புடுங்கப் போவயில கடையில பேசிக்கினாங்க, செகப்பு சட்ட போட்டவன்னு. நான் எடுத்துக் குடுத்த சட்ட சாமி அது. திண்டிவனம் சந்தையில."

ஓர் ஆசிரியன் தன் கதையில் ஓட்டை தேடுவதுபோல நான் தேடினேன். இம்முறை ஓட்டை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தேடினேன்.

"ஏம்மா, ஒம் புள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. மெட்ராசுல கத்துக்கினு இருப்பான்."

"அவன் பாடிக்கினே போனான்னு சொல்றாங்களே. பாடுவானா?"

"அவனுக்குப் பாட வராது சாமி." கொஞ்சம் யோசித்தாள். "வூட்டுக்கு வர்றான் இல்ல. அந்த சந்தோசத்துல பாடியிருப்பான்."

வெங்கடாசலம் துண்டால் கண்ணைத் துடைத்தான். நான் துடைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என் கதையை என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவள் இவள். அதற்கப்புறம்தான் பயம் வந்தது.

"பத்துப் பதினோரு வருசமா கதவுக்குத் தாப்பா போடல சாமி," என்றாள். "எப்ப வருவானோன்னு. நாயி உள்ள பூந்து கூழைக் குடிச்சிட்டுப் போவுது. ராவெல்லாம் காத்துல கதவு ஆடறப்போ ஏந்திருச்சி ஏந்திருச்சிப் பாக்கறேன். கல்லுல பேர வெட்டிட்டா மனசு ஒத்துக்கும். தாப்பா போட்டுக்கினு தூங்குவேன்."

10

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

(அ) நான் ஒலக்கூருக்குப் போய்ச் சொல்கிறேன். "அம்மா, அந்தச் சட்டை நீ எடுத்துக் கொடுத்ததல்ல, நான் போட்டுவிட்டது. உன் பிள்ளை எங்கேயோ—" எங்கேயோ என்ன? எனக்குத் தெரியாது. அவளும் நம்ப மாட்டாள். என் சிநேகிதனே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லுவான். நம்பினாலோ, நான் அவளுக்குத் திருப்பித் தருவது பிள்ளையை அல்ல. திறந்த கதவையும் நாயையும்தான்.

(ஆ) முருகையன் திரும்பி வருகிறான். பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். வெள்ளிக்கிழமை காலையில், உளி கல்லில் படுகிற நேரத்தில், மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். இரண்டு பக்கம் எழுதினேன். கண்ணீர் வந்தது. கிழித்துவிட்டேன். ஒருத்தனைச் சாகடித்தது போதாதா? அவனைப் பிழைக்க வைத்து நல்ல பேர் வேறு வாங்க வேண்டுமா?

(இ) பேரை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். குப்பம்மாள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். வெங்கடாசலம் எலுமிச்சம்பழம் கட்டுகிறான். நான் டூர் போகிறேன். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

இந்த மூன்றாவதுதான் சரி என்று நேற்று மாலை முடிவு செய்து, காகிதத்தை எடுத்து எழுதவும் தொடங்கிவிட்டேன். இரண்டு எழுத்து எழுதியதும் பேனா நின்றது.

முருகையன் மெட்ராஸில் எங்கேயாவது உயிரோடு இருந்தால்? அவனைத் தேடுகிறவர் யாரும் இல்லை. ஏனென்றால் தேட வேண்டியவள் புளியமரத்தடியில் அழுதுகொண்டிருக்கிறாள். இன்றோ பத்து வருஷம் கழித்தோ அவன் வீட்டுக்கு வருவான். கதவு சாத்தியிருக்கும். "அம்மா" என்று கூப்பிடுவான். செத்தவன் குரல் வாசலில் கேட்டால் பதில் சொல்லக் கூடாது, கதவைத் திறக்கவும் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே படுத்திருப்பாள். அவன் எத்தனை தடவை கூப்பிடுவான்?

வாசகரே, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். என் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொறாமைக்காரன் எடுத்த முடிவு ஒன்று எங்கே போய் நின்றது என்று பார்த்தீர்கள். காகிதத்தை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். அதில் 'முரு' என்று இருக்கிறது. எழுதி முடிப்பதானால் முடியுங்கள், அடிப்பதானால் அடியுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெங்கடாசலம் வந்து வாங்கிக்கொள்வான்.